மூன்றாவது பாட்டு யாருக்குப் போட்டது

என் பிரியமுள்ள வில்பிரட் அத்தானுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லிவிட்டேன், அத்தான். உங்கள் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு கோயில் பாட்டு இல்லை, அடக்கப் பாட்டும் இல்லை, பஹ்ரைனில் இருந்தபோது ஸ்டெல்லா அக்காவை நினைத்து நீங்கள் போட்ட காதல் பாட்டு என்று சொல்லிவிட்டேன். அதுவும் யாரிடம்? உங்கள் மகள் அஜிதாவுக்கு மாமியாராக வர இருந்தவரிடம். கல்யாண வாரத்தில்.

"இத மட்டும் வெளிய விடாத மக்கா" என்று நீங்கள் கேட்டுக்கொண்டது மறக்கவில்லை. பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் உங்களுக்குத் தெரியும். கோபப்படுவதாக இருந்தால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்தக் கடிதம் கோயில் திருவிழா மலரில் வருகிறது. உங்களைத் தெரியாத பிள்ளைகளும் வாசிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த ஆள் நீங்கள். ஏசி மெக்கானிக்காக பஹ்ரைன் போனீர்கள். வேலை பார்த்த ஹோட்டலின் முன்கூடத்தில் சாயங்காலம் வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களோடு சேர்ந்தீர்கள். ஊர் திரும்பும்போது எல்லோரும் டிவியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள், நீங்கள் ஒரு ஆல்ட்டோ சாக்ஸபோனைக் கொண்டுவந்தீர்கள். விமான நிலையத்தில் அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்து, "தையல் மிஷினா?" என்று ஆசையாகக் கேட்டாள். நீங்கள் முழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் அப்போது டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு தக்கலையில் ஒரு ரெக்கார்டிங் அறையில் வேலைக்கு இருந்தேன். கீழே மாவு மில், மேலே நாங்கள். பக்திப் பாட்டு கேசட்டுகள்தான் எங்கள் தொழில். அங்கே வந்து உட்கார்ந்து, "ஒரு ஆல்பம் போடணும் மக்கா" என்றீர்கள்.

"யாரு பாடுகது?" என்று கேட்டேன்.

"யாரும் பாட மாட்டாவ. இதுதான் பாடும்" என்று பெட்டியைத் தட்டினீர்கள். "இதுக்கு ஸ்மூத் ஜாஸ்னு பேரு. கேக்கிறவன் காப்பி குடிச்சிட்டே கேக்கணும். ஆனா அவன் காப்பி ஆறிப் போயிரணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஓடாது. அந்த நாட்களில்தான் பதிவு செய்தோம். நாகர்கோவில் போகிற பஸ் ஒன்று ஆரன் அடித்துவிட்டுப் போகும், அடுத்த பஸ் வருவதற்குள் ஒரு பாட்டை எடுத்துவிட வேண்டும். மின்விசிறி போட முடியாது, அது மைக்கில் இரையும். வியர்வை வழிய வழிய நீங்கள் வாசிப்பது கடற்கரை ஹோட்டல் சங்கீதம். எனக்குச் சிரிப்பாக வரும்.

நாம் போட்ட சண்டைகளைச் சொல்லட்டுமா? தாளம் தவறாமல் இருக்க காதுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓட விடுவேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு மயிரிழை பின்னால் வந்தீர்கள்.

"பின்னால விழுகீங்க அத்தான்."

"விழல மக்கா. சாஞ்சு நிக்கேன்."

மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் விழுகிறது, கம்ப்யூட்டரில் வெட்டிவிடுகிறேன் என்றேன். "வெட்டாத. அத வெட்டினா நான் செத்துப் போன மாதிரி இருக்கும்லா" என்றீர்கள். படித்த படிப்பெல்லாம் எனக்கு வேறு சொல்லித் தந்திருந்தது. எரிச்சலோடுதான் விட்டேன்.

'மாலைக் கரை' என்று பெயர் வைத்தீர்கள். எட்டுப் பாட்டுகள். உள்ளதைச் சொன்னால், அவற்றில் நாலு நன்றாக இருந்தன. இரண்டில் கீபோர்டு தம்பி கெடுத்தான். எட்டாவது, நீங்கள் கெடுத்தது. ஆனால் மூன்றாவது பாட்டை வாசித்து முடித்தபோது நான் நிறுத்து பட்டனை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தேன். பெயர் என்ன போட என்று கேட்டதற்கு, "ஸ்டெல்லாவுக்கு-ன்னு போடு" என்றீர்கள். பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை தோறும் போன் பூத்தில் வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் ஓடிய மெட்டு அது என்றீர்கள். வரிசை நீளம், பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதனால்தான் பாட்டு அவ்வளவு மெதுவாக ஆரம்பித்து முடிவில் மட்டும் அவசரப்படுகிறது என்றும் சொன்னீர்கள். எங்கள் அக்காவை ஒருவர் இப்படியும் நினைத்திருக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியம். என் நினைவில் அவள் என் தலையில் குட்டுகிறவள்தான்.

அந்த வருஷக் கடைசியில் திருவனந்தபுரம் போய் சிடிக்களை அடித்து எடுத்து வந்தோம். களியக்காவிளையில் இறங்கி முதல் வேலையாக ஒரு கேசட் கடைக்காரரிடம் போட்டுக் காட்டினோம். அவர் முதல் பாட்டைக் கேட்டார், இரண்டாவதைக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பிறகு, "மியூசிக் எல்லாம் கொள்ளாம். பாட்டு எப்போ வரும்?" என்றார். பஸ்ஸில் தக்கலை வரும் வரைக்கும் நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். "பரவாயில்ல மக்கா, இது முதல் ஆல்பம்தானே" என்றீர்கள். எப்போதும் அப்படித்தான் சொல்வீர்கள். முதல் ஆல்பம். ஏதோ பின்னால் ஒரு வரிசையே காத்திருப்பது போல.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்தது.

அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. இந்த மலரை வாசிக்கிற எந்த வீட்டுக்கும் அது தேவையில்லை. நீங்களும் அக்காவும் சின்னப்பிள்ளை அஜிதாவும் ஞாயிறு பூசைக்குப் போயிருந்ததால் தப்பினீர்கள். வீடு போனது, சிடிப் பெட்டிகளும் போயின. சாக்ஸபோன் மட்டும் தக்கலையில் எங்கள் அறையில் இருந்தது. திருவிழா பேண்டுக்குக் கிளாரினெட் போதும் என்று விட்டுவிட்டு வந்திருந்தீர்கள்.

நீங்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் பெரிய குழியாக வெட்டியிருந்தார்கள். பேண்டு செட்டில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேர் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியாருக்குக் குரல் எழும்பவில்லை. பாட்டில்லாமல் யாரையும் மண்ணுக்கு அனுப்பி நம் ஊருக்குப் பழக்கம் கிடையாது. நீங்கள் குழி ஓரத்தில் நின்று வாசித்தீர்கள். மூன்றாவது பாட்டை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் அத்தான் அத வாசிச்சீங்க?"

"வேற ஒண்ணும் விரலுக்கு வரல மக்கா."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த அடக்கமானாலும் வீட்டுக்காரர்கள் வந்து, "அந்தப் பாட்டு வாசிக்கணும்" என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கூப்பிட்டார்கள். பழைய கோயில் பாட்டு என்றே கரை முழுவதும் நம்பியது. சாக்ஸபோன் தொடங்கியதும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நிற்பார்கள், பெண்கள் முக்காடு போடுவார்கள். புதிதாக வந்த இளம் சாமியார், பாட்டுப் புத்தகத்தில் தேடித் தேடிக் கிடைக்காமல், "இதற்கு வரிகள் என்ன?" என்று உங்களிடமே கேட்டார். நீங்கள், "வரிகள் காணாமப் போச்சு சாமி" என்றீர்கள். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓட வேண்டியிருந்தது.

ஆனால் எனக்குக் கோபமும் உண்டு. ஆல்பத்தை மறுபடி அடித்துக் கடைக்குப் போட்டபோது நம் ஊர்க்காரர்கள் ஒருவரும் வாங்கவில்லை. யார் வீட்டில் சாவு சங்கீதத்தைப் போடுவார்கள்? இந்தக் கரையில் உங்கள் சாக்ஸபோன் கேட்டாலே யார் போய்விட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் கத்திவிட்டேன்.

"உங்க ஆல்பத்துக்கு நீங்களே குழி தோண்டுகீங்க. இனி அதப் போய் வாசிக்காதீங்க."

"கல்யாண வீட்டுல வாசிச்சிருக்கேன், ஹோட்டல்ல வாசிச்சிருக்கேன். எல்லாவனும் தின்னுட்டும் பேசிட்டும் இருப்பான். அடக்கத்துலதான் மக்கா வாய மூடிக் கேக்காவ."

"அப்போ அது காதல் பாட்டுன்னாவது சொல்லுங்க."

அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. "எத்தன பேரு அவியவிய ஆள அந்தப் பாட்டோட அனுப்பிருக்காவ. இப்போ போய், அது நான் எம் பெண்டாட்டிய நெனச்சுப் போட்டதுன்னு சொன்னா அவியளுக்கு என்ன மிச்சம்? இத மட்டும் வெளிய விடாத."

அக்காவின் பாடு வேறு. யார் அடக்கத்திலாவது தெரு வழியாக அந்தப் பாட்டு போகும்போது, அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே, "ம், என் பாட்டு போகுது" என்பாள். ஒருதரம் என்னிடம் மட்டும் சொன்னாள்: "கட்டினவரு எனக்குன்னு ஒரே ஒரு பாட்டுதான் போட்டாரு. அதையும் ஊருக்குக் குடுத்துட்டாரு." குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா? எனக்கு அந்த மாதிரி நுணுக்கமெல்லாம் பிடிபடாது. உங்களிடம் சொல்லியிருக்கிறாளா?

இரண்டாவது ஆல்பத்துக்கு நான்கைந்து மெட்டுகள் வைத்திருந்தீர்கள். வாருங்கள், உட்காருங்கள், எடுத்துவிடுவோம் என்று நானும் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "அடுத்த மாசம்" என்றீர்கள். நெஞ்சுவலி அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

உங்கள் அடக்கத்தில் பேண்டு செட் பையன்கள் அதைத்தான் வாசித்தார்கள். கிளாரினெட்டில். சுருதி சேரவில்லை, இரண்டு இடத்தில் மெட்டே தப்பு. உங்கள் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே அதைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் நினைக்காமல் இருக்க. அக்கா அழவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு மட்டும் அவளிடம் யாரும் அந்தப் பாட்டில் பங்கு கேட்கவில்லை.

இனிதான் உங்களுக்குத் தெரியாத கதை.

அஜிதா நர்சிங் முடித்தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் டென்னிஸ் என்ற பையனைப் பேசினோம். பக்கத்து ஊர், நல்ல பையன், கொஞ்சம் அதிகமாகத் தலையாட்டுவான், போகப் போகச் சரியாகும். தகப்பன் கடல் வந்த அன்று போனவர். தாய் ரோஸ்லின் அக்கா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்.

கோயிலில் தாலி கட்டி முடித்து மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைவார்கள் இல்லையா, அப்போது உங்கள் மூன்றாவது பாட்டு வேண்டும் என்றாள் அஜிதா. "அப்பா என்னக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக முடியாது மாமா. அதாவது இருக்கட்டும்." பிள்ளைக்கு அது அம்மாவின் பாட்டு என்று மட்டும்தான் எப்போதும் தெரியும். நான் சரி என்றேன். அவள் அதை டென்னிஸிடம் சந்தோஷமாகச் சொல்ல, அவன் தன் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்ல, அந்த அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பாட்டு போட்டா நான் மண்டபத்துக்கு வர மாட்டேன்" என்றிருக்கிறார்.

அஜிதா அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம் மாமா, விட்டுரு" என்றாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் செத்தபோதும் அந்தப் பிள்ளை இப்படித்தான், மற்றவர்களுக்கு எது வசதியோ அதைச் சொன்னாள். நான் பைக் சாவியை எடுத்தேன்.

அக்கா வாசலை மறித்தாள். "லேய், நீ போகாத. நீ போனா இந்தக் கல்யாணம் நடக்காது. உன் வாய எனக்குத் தெரியும்."

"சும்மா பேசிட்டு வாறேன்."

"நீ சும்மா பேசி நான் பாத்ததில்ல."

போனேன். ரோஸ்லின் அக்கா வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய அண்ணன், கல்யாணக் காரியங்களையெல்லாம் ஓடியாடிப் பார்க்கிற பெரியவர், நாற்காலி போட்டார். காப்பி வந்தது. நான் யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னேன். ஆல்பத்தில் ஆறாவது பாட்டு ஒன்று உண்டு. அதை நடந்துகொண்டே வாசிக்க முடியாது, மூச்சு பத்தாது. அதனால் நீங்கள் எந்த அடக்கத்துக்கும் அதை எடுத்துப் போகவில்லை. அதைப் போடுகிறேன், அது சாவையே பார்க்காத பாட்டு என்றேன். சரியான தீர்வு. பொறியாளர் மூளை.

ரோஸ்லின் அக்கா பொறுமையாகக் கேட்டார். "பாட்டு வேறதான் தம்பி. குரல் உங்க அத்தானுக்குள்ளதுதானே?"

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரவிய முகத்த நான் பாக்கல்ல. பாக்காண்டாம்னு சொல்லிட்டாவ. குழிகிட்ட போகக் காலு வரல்ல. அந்தச் சத்தத்தப் பிடிச்சிட்டுதான் நடந்தேன். இப்போ மகன் கல்யாணத்துல அது கேட்டா நான் எந்தப் பக்கமா நடக்க? சொல்லு."

அண்ணன்காரர் தொண்டையைச் செருமினார். "கோயில் பாட்டு கோயிலோட இருக்கட்டும் தம்பி. கல்யாண வீட்டுல அடக்கப் பாட்டு போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

அங்கேதான் என் வாய் திறந்துகொண்டது. "அது கோயில் பாட்டும் இல்ல, அடக்கப் பாட்டும் இல்ல! எங்க அத்தான் பஹ்ரைன்ல போன் பூத்துல நின்னு எங்க அக்காவ நெனச்சுப் போட்ட லவ் பாட்டு!"

பந்தல்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"லவ் பாட்டா?" என்றார் அண்ணன்காரர். "ஏலே, பத்து வருசமா நாங்க துண்ட அவுத்துட்டு எழும்பி நிக்கோம்லா!"

ரோஸ்லின் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்க வீட்டுக்காரவியள... லவ் பாட்டு வாசிச்சா அனுப்புனாவ?"

முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணம், அக்காவின் முகம், நீங்கள் காப்பாற்றி வைத்த அத்தனை பேருடைய மிச்சம், எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து போவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை.

அந்த அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. கையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று அண்ணன்காரர் எழுந்து வந்தார். கையை எடுத்தபோது சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு.

"நல்லதாப் போச்சு" என்றார். "கோயில் பாட்டுன்னா அவியளுக்கு ஆகவே ஆகாது. பூசைல பாட்டு தொடங்கினதும் வெளிய போய் பீடி வலிச்சிட்டு நிப்பாவ. கடைசில கோயில் பாட்டோட அனுப்பிட்டோமேன்னு நான் எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா? அவியளுக்குப் பிடிச்சதாதான் வாசிச்சிருக்காவ."

பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொண்டு வந்திருக்கியா? போடு" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் காற்றும் அழுகையும் அலையுமாக அவர் கேட்டதை, தக்கலையில் மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தபடி முதல் தடவையாகக் கேட்டார். நடுவில் கண்ணைத் திறந்து, காதில் இருப்பதை மறந்து சத்தமாக, "அவிய மூச்சு இழுக்குகது கேக்குது!" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றித் தந்தார். "பிள்ள உள்ள வரும்போ இதப் போடு. ஆறாவது எல்லாம் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா என் தலையில் குட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று மாலை முழுவதும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள், அத்தான். நாற்பத்தைந்து வயதில்.

கல்யாண நாள். மண்டபத்தில் சவுண்டு மிக்சருக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. அஜிதாவும் டென்னிஸும் வாசலில் வந்து நின்றார்கள். நான் பாட்டைப் போட்டேன்.

முதல் சுரம் வந்ததுதான் தாமதம், மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. பழக்கதோஷம். ஆண்கள் சிலுவை போட்டார்கள். பெண்கள், பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார்கள். பந்தியில் ஒரு பெரியவர் வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்காமல் அப்படியே நின்றார். வீடியோக்காரன் என்னைப் பார்த்து என்ன செய்ய என்று கையை விரித்தான். வாசலில் அஜிதா முகம் வெளுத்துப்போய் நின்றாள். அந்த நொடியில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

ரோஸ்லின் அக்கா மேடையிலிருந்து இறங்கி மண்டபத்தின் நடுவுக்கு வந்தார். மைக்கெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. மீன் சந்தையில் ஏலம் கூப்பிட்ட தொண்டை.

"எல்லாரும் முக்காட எடுங்க! இது அடக்கப் பாட்டு இல்ல, லவ் பாட்டாக்கும்! எம் மருமவளுக்க அப்பன் அவளுக்க அம்மைக்குப் போட்டது! அந்தா நிக்கா பாருங்க, ஸ்டெல்லா, அவளுக்கு!"

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அவள் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரோ விசிலடித்தார்கள். முக்காடு போட்ட பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பாட்டை முதலிலிருந்து மறுபடியும் போட்டேன். அஜிதா நடந்து வந்தாள். மெதுவாக, பாட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால். அவளுக்கு யார் சொல்லித் தந்தார்களோ. ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் பேசவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்கள்.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் நீங்கள் அன்று கேட்ட கேள்வி ஒன்று பாக்கி நிற்கிறது. அவியளுக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்களே. கல்யாணம் முடிந்த பின்பு அதே கேள்வி என்னையும் அரித்தது. இனி யார் இதை அடக்கத்துக்குக் கேட்பார்கள்? எத்தனை வீடுகளில் நமக்குச் சாபம் விழுகிறதோ?

போன வாரம் வடக்குத் தெரு அந்தோணி அண்ணன் வீட்டம்மா இறந்துபோனார். அந்தோணி அண்ணன் உறவுக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு, தானே நம் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை. அக்காவுக்கு முன்னால் போய், துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டெல்லா, உம் பாட்ட அவளுக்கு வாசிக்கலாமா? நான் ஆயுசுல அவளுக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல, கேட்டியா. இதாவது சொல்லி அனுப்புகேன்."

அக்கா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம், "வாசிக்கச் சொல்லுங்க அண்ணே" என்றாள். "ஆனா அவியளுக்குத் தலை நெறயப் பூ வச்சு அனுப்புங்க. சும்மா அனுப்பாண்டாம்."

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். தலை கொள்ளாத பிச்சிப்பூ வைத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், துண்டை அவிழ்த்தார்கள், முன்பு போலவே. அந்தோணி அண்ணன் மட்டும் குனிந்து பெட்டிக்குள் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

ஆகவே அத்தான், நீங்கள் பயந்தது நடக்கவில்லை. நான் சொன்னது சரிதான் என்று சண்டைக்கு வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் நினைத்ததும் சரியாகவே இருந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இந்தக் கரையில் அந்தப் பாட்டை யார், எங்கே, எதற்காக வாசித்தாலும், வாசித்து முடித்ததும் நான் போய் அதன் பெயரையும் போட்டவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். தப்பாக வாசித்தால் அதையும் சொல்வேன், அது என் குணம், மாறாது. இரண்டாவது ஆல்பம் நம்மிடம் இல்லை. முதலாவதை யாரும் பெயர் தெரியாமல் கேட்க விட மாட்டேன்.

ஸ்டெல்லாவின் தம்பி, அஜிதாவின் தாய்மாமன்,
என்றென்றும் உங்கள் மச்சினன்
ரெஜின்